அண்ணன் பாகம் பிரித்த ஹார்டு டிஸ்க்

14 மார்ச் 1998, கிள்ளான்

அண்ணன் வீட்டுக்கு ஒரு கணினி கொண்டு வந்திருக்கிறார். பெட்டாலிங் ஜெயாவில் அவருடைய அலுவலகத்தில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர்கள் மேசையில் இருந்த கணினிகளை மிச்சப் பேருக்குக் கொடுத்துவிட்டார்களாம். வேலை போகாமல் இருந்ததற்குப் பரிசு என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருக்கிறார். பக்கத்து மேசைக்காரன் இரண்டு பிள்ளைகளோடு ஜெஞ்சாரோமில் மாமனார் வீட்டுக்குப் போய்விட்டானே என்று கேட்டால், "அவனுக்குத் திறமை பத்தாதுலா" என்கிறார்.

அதில் வின்டோஸ் போட மாட்டாராம். லினக்ஸ். இம்பி பிளாசாவில் சிடி வாங்கியிருக்கிறார். "வின்டோஸ் எல்லாம் டைப்பிஸ்டுக்கு. இது இன்ஜினியருக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். அவர் படித்தது கட்டடம் கட்டுகிற இன்ஜினியரிங். நான் தமிழ்ப்பள்ளியில் கணக்கு சொல்லித் தருகிற டீச்சர். அவர் பட்டியலில் டைப்பிஸ்டுக்கும் கீழே எங்கேயோ இருப்பேன்.

இந்த நோட்டில்கூட அண்ணனை ‘அவர்’ என்றுதான் எழுதுகிறேன். எங்களைப் பெற்ற ஆத்தாவின் வளர்ப்பு அப்படி.

15 மார்ச்

ஹார்டு டிஸ்க்கைப் பாகம் பிரித்தாயிற்று.

இந்த லினக்ஸில் டிஸ்க்கை முழுசாகவும் வைத்துக்கொள்ளலாம், நடுவே சுவர் எழுப்பித் துண்டு துண்டாகவும் வைத்துக்கொள்ளலாமாம். ஒரு துண்டில் இடம் தீர்ந்துபோனால், பக்கத்துத் துண்டு காலியாகக் கிடந்தாலும் தொட முடியாது. செட்டியார் வீட்டு மூத்த மகனுக்கு இதைவிட இனிப்பான செய்தி உண்டா? காலையிலிருந்து காகிதமும் பென்சிலுமாக உட்கார்ந்து பிரித்தார். மொத்தத்தில் கால் பங்கு பொது. நிரல்கள், சிஸ்டம் எல்லாம் அதற்குள்ளே குடியிருக்க வேண்டும். மீதியில் சரிபாதி எங்கள் அப்பாவுக்கு, அதாவது அப்பச்சிக்கு; சரிபாதி அவருக்கு.

தம்பி நாச்சியப்பனுக்குக் கிடையாதா என்று ஆத்தா கேட்டாள்.

"அவனுக்கு இன்னும் கல்யாணம் ஆகலையே ஆத்தா. கல்யாணம் ஆனாத்தான தனிப் புள்ளி? அதுவரைக்கும் அப்பச்சி பங்குக்குள்ள இருப்பான்."

கோவிலில் வரி போடும்போது கல்யாணமான ஆம்பிளையை ஒரு புள்ளி என்று எண்ணுவார்கள். அந்தக் கணக்கு இப்போது ஹார்டு டிஸ்க்குக்கும் வந்துவிட்டது. எனக்கு என்று கேட்டேன். சிரித்தார்.

"நீ நாளைக்குக் கட்டிக்கிட்டுப் போறவ. உனக்கு எதுக்குப் பங்கு? /tmp-ன்னு ஒண்ணு இருக்கு. வந்து போறவுகளுக்கு உள்ள இடம். அதுல வச்சுக்க."

எனக்கு முப்பத்து நாலு வயது. பத்து வருஷமாக நாளைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். அப்பச்சிக்கு அந்தப் பெட்டியின் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. அவருக்கு அத்தனை இடம்.

22 மார்ச்

பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தேன். அச்சகம் வைத்திருக்கும் கிரிகரி அங்கிளுக்கு என் மாதிரிப் பக்கங்கள் பிடித்துவிட்டன. ஆறாம் ஆண்டுக் கணிதப் பயிற்சி நூல். தமிழில். என் பெயரில்.

"செப்டம்பர் கடைசிக்குள்ள கொடுத்துடுங்க டீச்சர். ஜனவரியில ஸ்கூல் திறக்கறப்ப புக்கு கடையில இருக்கணும்லா. லேட் ஆச்சுன்னா நான் வேற ஆளோடத போட்டுடுவேன், அப்புறம் கோவிச்சுக்கக் கூடாது."

நேர்மையான மனிதர். பள்ளிக் கணினியில் பின்னம் போட்டால் மேல் எண் ஓரிடத்திலும் கீழ் எண் ஓரிடத்திலும் நிற்கிறது. லினக்ஸில் டெக் என்ற அச்சுக்கோப்பு நிரல் கணக்கை அச்சாக வார்த்தெடுக்குமாம், தமிழ் எழுத்தும் வருமாம். ஆக, அண்ணன் வீட்டு அரண்மனையில் எனக்கும் வேலை இருக்கிறது.

5 ஏப்ரல்

டெக் ஏறவில்லை. பாதி ஏறியதும் ‘இடமில்லை’ என்று நின்றுவிட்டது.

df என்று அடித்தால் யாருக்கு எவ்வளவு இடம் என்று காட்டுகிறது. பொதுப் பங்கு நூற்றுக்கு நூறு. அப்பச்சி பங்கில் ஒன்றும் இல்லை. அண்ணன் பங்கில் அவர் சிங்கப்பூர் போனபோது எடுத்த மூன்று படங்கள். குழாய்த் தண்ணீருக்கு ரேஷன் வருகிறதாம், பேப்பரில் போட்டிருக்கிறான். எங்கள் டிஸ்க்குக்கு முன்னாலேயே வந்துவிட்டது.

6 ஏப்ரல்

அண்ணன் வந்து பார்த்தார். பார்த்தவுடன் --force என்று சேர்த்து அடித்தார். அப்படி என்றால், என்ன ஆனாலும் சரி, திணி என்று அர்த்தம். அது திணித்துப் பார்த்துவிட்டு மறுபடி இடமில்லை என்றது. இவரும் மறுபடி அதையே அடித்தார். நாலாவது தடவை --nodeps என்று இன்னொன்றும் சேர்த்தார். அப்படி என்றால், உனக்கு வேறு என்ன நிரல்கள் தேவையோ அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை என்று அர்த்தம். அண்ணன் இதை எங்கே கற்றுக்கொண்டார் என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை, வீட்டில் தினமும் பார்க்கிறேன்.

கடைசியில், "சிடி சரியில்ல. சைனாக்காரன் ஏமாத்திட்டான்" என்றார். எவன் கிடைத்தாலும் பழி போட ஒருவன் வேண்டும்.

12 ஏப்ரல்

இரண்டு நாளாக நானே உட்கார்ந்தேன். என்னென்ன ஏற்றியிருக்கிறார் என்று, நிரல்களை ஏற்றி இறக்கிக் கணக்கு வைக்கிற rpm-ஐக் கேட்டால் பட்டியல் ஓடுகிறது, ஓடிக்கொண்டே இருக்கிறது. ஏற்றும்போது ‘எல்லாம்’ என்பதை அமுக்கியிருக்கிறார், வேறென்ன? வீட்டில் இல்லாத ஸ்கேனருக்கு நிரல். ரஷ்ய மொழி அகராதி. ஏழு விதமான சதுரங்கம். இன்டர்நெட்டே இல்லாத வீட்டில் உலகத்துக்கே கடிதம் பட்டுவாடா செய்கிற நிரல் ஒன்று வேறு, வேலையில்லாமல் உட்கார்ந்து தினமும் தன் புலம்பலை எழுதி எழுதி இடத்தை அடைக்கிறது.

ஒன்றைத் தூக்கலாம் என்றால் நாலு பேர் ‘அவர் போனால் நாங்களும் இருக்க மாட்டோம்’ என்று கொடி பிடிக்கிறார்கள். சரி, நீங்களும் போங்கள் என்று ஐந்தையும் சேர்த்துத் தூக்கினேன். பாதியில் நின்ற டெக்கை முழுசாகக் கழற்றிவிட்டு மறுபடி ஏற்றினேன். ஏறிவிட்டது. ‘முக்கால்’ அச்சில் எவ்வளவு அழகாக இருக்கிறது!

அண்ணன் ஆத்தாவிடம், "நான் அன்னைக்கு ஃபோர்ஸ் பண்ணேன்ல, அதான் இப்ப வேலை செய்யுது" என்கிறார்.

9 மே

முழு எண், தசமம், பின்னம் மூன்று அத்தியாயமும் முடிந்தன. பின்னம்தான் நன்றாக வந்திருக்கிறது. பிள்ளைகள் பயப்படுகிற இடத்தில் எல்லாம் ஒரு படம். தோசை, ரொட்டிச்சானாய், செமினிக்குப் போகிற பஸ். இனி இரண்டு வாரம் விடைத்தாள் திருத்த வேண்டும், கணினிப் பக்கமே வர முடியாது.

30 மே

இல்லை. பின்னம் இல்லை. தசமம் இல்லை. /tmp காலி.

30 மே, மறுபடி

தெரிந்துவிட்டது. /tmp-ல் பத்து நாள் யாரும் தொடாத கோப்பை இந்தச் சிஸ்டம் தானாகவே கூட்டித் தள்ளிவிடும். அதற்கென்றே தினமும் ஒரு நிரல் ஓடுகிறது. வந்து போறவுகளுக்கு உள்ள இடம்தானே, யார் வந்தாலும் போக வேண்டியதுதானே!

அவனுக்குத் தெரியுமா இது? கேட்டேன். "அப்படியா? ஓ, அப்படி ஒண்ணு இருக்குதா" என்கிறான். ஸாரிகூட இல்ல. ஒரு மாசம் ஸ்கூல் விட்டு வந்து சோறுகூட ஒழுங்கா திங்காம உக்காந்து எழுதினேன்டா பாவி. உன் பங்குல மூணு போட்டோ. மூணே மூணு போட்டோ!

அவன் என்று எழுதிவிட்டேன். அடித்துத் திருத்தப் போவதில்லை.

31 மே

முழு எண் அத்தியாயம் மட்டும் ஒரு பிளாப்பியில் வைத்திருந்தேன். பூஞ்சணம் பிடித்து, படிக்க மாட்டேன் என்கிறது.

7 ஜூன்

அப்பச்சி பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போய் நின்றேன். கணினியில் அவர் பேரில் உள்ள இடத்தில் என் புத்தகத்தை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். இதைக் கேட்கிற நிலைமைக்கு வந்தேனே என்று வெட்கமாகவும் இருந்தது. பேப்பரை இறக்கவில்லை.

"வச்சுக்க. நான் என்ன அதுக்குள்ள போயி படுக்கவா போறேன்?"

அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "அப்பச்சி பங்குல கைவச்சா நாளைக்கு நாச்சியப்பன் கேப்பான்" என்றார். நாச்சியப்பன் டிவியில் பந்து பார்த்துக்கொண்டிருந்தான். உலகக் கோப்பை வரப்போகிறது, அவனிடம் அந்தப் பங்கை வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுத்தாலும் வேண்டாம் என்பான்.

எல்லாம் முதலிலிருந்து. பத்து வாரம் இருந்தால் போதும்.

19 ஜூலை

நாச்சியப்பனுக்குப் பெண் நிச்சயமாகிவிட்டது. ஆவணியில் கல்யாணம். பெண் நல்ல பெண், பேச்சு குறைவு. எங்கள் வீட்டில் அது மாறிவிடும்.

சாப்பாட்டு மேசையில் அண்ணன் அறைக் கணக்கு எடுத்தார். புதுப் புள்ளிக்கு ஓர் அறை வேண்டும். ஒவ்வொரு அறையாகச் சொல்லிக்கொண்டு வந்து என் அறையில் நின்றார்.

"இவ ஆத்தாளோட படுத்துக்கட்டும். ஒரு ஆளுதான?"

ஆத்தா குழம்பைப் பார்த்தாள். அப்பச்சி மோரை ஊற்றிக்கொண்டார். நான் பதினேழு வயதிலிருந்து இருக்கிற அறை. யாரும் என்னைப் பார்த்துக் கேட்கவே இல்லை.

9 ஆகஸ்ட்

விடைகள் தவிர எல்லாம் முடிந்தது. பின்னம் முன்பைவிட நன்றாகவே வந்திருக்கிறது. அதற்காக அவனுக்கு நன்றி சொல்லப் போவதில்லை.

தண்ணீர் இரண்டு நாளுக்கு ஒருமுறை. அண்ணன் குடும்பத்துக்குத் தனி டிரம், பூட்டுப் போட்டிருக்கிறார்கள்.

15 ஆகஸ்ட்

ஸ்கூலிலிருந்து வந்தேன். அண்ணன் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தார். முகமே சரியில்லை. திரையில் இரண்டே எழுத்து, அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

தம்பிக்குக் கல்யாணம் வருகிறதே, அதற்கு முன்னால் அவன் பங்கைப் பிரித்து வைத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தாராம். அப்பச்சி பங்கை அழித்து, அதையே இரண்டாகப் போட்டாராம். சரியாக வரவில்லையாம். திருத்துகிறேன் என்று மற்றதையும் அழித்து, கடைசியில் பயத்தில் ‘எழுது’ என்ற கட்டளையையும் கொடுத்துவிட்டார். ஒரு சுவரும் இல்லை இப்போது. ஒரு வீடும் இல்லை.

"உள்ள என் புத்தகம் இருந்துச்சு" என்றேன்.

"நான் என்ன வேணும்னா செஞ்சேன்? எல்லாருக்கும் நியாயமா இருக்கணும்னுதான செஞ்சேன்!"

நியாயமாம்.

16 ஆகஸ்ட்

டிஸ்க் செத்துவிட்டது என்று அண்ணன் அறிவித்துவிட்டார். புதிதாக வின்டோஸ் உள்ள கணினி வாங்கப் போகிறார். "லினக்ஸ் இன்னும் ரெடி இல்ல" என்று போனில் யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். பழைய பெட்டியைக் கேட்டேன். "குப்பைக்குப் போறதத்தான கேக்குற, எடுத்துக்க" என்றார். தாராளம்!

30 ஆகஸ்ட்

கல்யாணம். வந்த பொம்பிளைகள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொன்னேன். நேற்றே என் அலமாரி ஆத்தா அறைக்குப் போய்விட்டது. கதவு திறக்காதபடி கட்டிலோடு ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். புடவை எடுக்கக் கட்டிலை இழுக்க வேண்டியிருந்தது.

5 செப்டம்பர்

மகதலேனாவிடம் பேசினேன். என்னோடு கிள்ளானில் நாலு வருஷம் வேலை பார்த்தவள், இப்போது கோலாலம்பூர் பள்ளியில். அப்பா ரயில்வே, பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீடு, அவர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள். "ரெண்டு ரூம் இருக்குடி. ஒண்ணுல என் துணி காயுது. துணிய வெளிய போட்டுக்கறேன், நீ வந்துரு."

இதைச் சொல்ல அவளுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை.

6 செப்டம்பர்

வீட்டில் சொன்னேன். ஆத்தா அழுதாள். அண்ணன், "நாலு பேரு என்ன சொல்வாக? கட்டிக் கொடுக்காம வெளிய தள்ளிட்டோம்னு சொல்ல மாட்டாகளா?" என்று கத்தினார். அவர் கவலையைப் பாருங்கள். தங்கச்சி எங்கே படுப்பாள் என்பதில் இல்லை.

அப்பச்சி எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அதுதான் வலித்தது.

12 செப்டம்பர், பிரிக்பீல்ட்ஸ்

ஊரெல்லாம் பன்னாட்டு விளையாட்டுப் போட்டியின் கொடி. நான் மகதலேனா வீட்டு மேசையில் செத்த டிஸ்க்கோடு உட்கார்ந்திருக்கிறேன்.

சிடியிலேயே உள்ள குறிப்புகளைப் பள்ளிக் கணினியில் ஒரு வாரமாகப் படித்தேன். அண்ணன் அழித்தது சுவர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் குறிப்பை மட்டும்தான். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். டிஸ்க்கின் இடத்தை வட்டம் வட்டமாகத்தான் எண்ணுகிறார்கள்; சுவர் முன்பு எந்த வட்டத்தில் தொடங்கியதோ அதே வட்டத்தில் மறுபடி தொடங்கினால் எல்லாம் திரும்பி வரும். ஒரு வட்டம் தப்பினாலும் வராது. ஆயிரம் வீட்டில் இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஏனென்றால் அவரவர் தோன்றியபடி பிரித்திருப்பார்கள். எங்கள் வீட்டில் பங்கு பிரித்தவர் என் அண்ணன். கால் பொது, மீதி சரிபாதி. ஆறாம் ஆண்டுப் பிள்ளை போடுகிற கணக்கு.

மொத்த வட்டத்தை நாலால் வகுத்தேன். முழு எண் வரவில்லை, அரை வட்டம் இடிக்கிறது. அரை வட்டத்தை வெட்ட முடியாது. அதைப் பொதுவுக்கு விட்டிருப்பார் என்று கூட்டிப் போட்டேன். வரவில்லை. இரண்டு தடவை பார்த்தேன், வரவில்லை. மகதலேனா தேநீர் வைத்துவிட்டுப் போனாள்.

அப்புறம்தான் உறைத்தது. நான் எவ்வளவு பெரிய முட்டாள்! அண்ணனாவது, பொதுவுக்கு விட்டுக் கொடுப்பதாவது! குறைத்துப் போட்டேன்.

திறந்துகொண்டது. முழு எண், தசமம், பின்னம், எல்லாம். நான் அலறியதில் மகதலேனா குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடி வந்தாள்.

13 செப்டம்பர்

புதுப் பிளாப்பிகளில் மூன்று பிரதி எடுத்துவிட்டு டிஸ்க்கைத் துடைத்தேன். லினக்ஸை மறுபடி ஏற்றினேன். ஒரே துண்டு. யார் பெயரும் போடவில்லை. டெக் முதல் தடவையிலேயே ஏறியது.

27 செப்டம்பர்

கிரிகரி அங்கிளிடம் கொடுத்துவிட்டேன். புரட்டிப் பார்த்தார். "பின்னம் ரொம்ப பெருசா இருக்கே டீச்சர், கொஞ்சம் குறைக்கலாமா?" என்றார். முடியாது என்றேன். நான் சொன்ன தொனியில் அவர் ஒரு அடி பின்னால் போனார்.

4 அக்டோபர்

காலையில் கதவைத் தட்டும் சத்தம். அப்பச்சி. பின்னால் டாக்சிக்காரர், தலையில் அரிசி மூட்டை.

டாக்சியில் இன்னும் இருந்தது. பருப்பு, புளி, வற்றல் மிளகாய், எண்ணெய் டின், பித்தளைப் பானை ஒன்று, கரண்டிகள், ஒரு அடுப்பு. அடுப்பு எதற்கு, மகதலேனா வீட்டில்தான் இருக்கிறதே என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திவிட்டேன். எங்கள் வீடுகளில் மகனுக்குக் கல்யாணமான பிறகு அவனை வேறு வைப்பார்கள். அதே வீட்டுக்குள் தனி அடுப்பு, தனிச் சமையல். அப்போது பெற்றவர்கள் கொடுக்கிற சாமான்கள் இவை. அரிசியிலிருந்து கரண்டி வரைக்கும் முறை மாறாது. போன வாரம் நாச்சியப்பனுக்குக் கொடுத்தார்களாம்.

"அப்பச்சி, இது பையங்களுக்குக் கொடுக்கறதுல்ல?"

"வேறு போறவுகளுக்குக் கொடுக்கறது" என்றார். மூச்சு வாங்கியது, மூன்று மாடி ஏறி வந்திருக்கிறார். "உங்கண்ணன் அடைக்கப்பன் என்னமோ சொன்னான். நான் காதுல வாங்கல."

ஆறேழு மாதமாக இந்த நோட்டில் எல்லோரையும் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்றைக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அழுதேன், அவ்வளவுதான். மகதலேனாவும் சேர்ந்து அழுதாள், அவளுக்கு எதற்கு என்று அவளுக்கே தெரியாது.

புதுப் பானையில் உலை வைத்தேன். தண்ணீர் அளவு தப்பி, சோறு குழைந்துவிட்டது. அப்பச்சி மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். புத்தகத்தின் அச்சுப் பக்கங்களைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தில் என் பெயரை மட்டும் வெகுநேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். ஆத்தா ரொம்ப ஏங்கிப் போயிருக்கிறாள், அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு வரட்டுமா, உனக்குத் தோதுப்படுமா என்று என்னைக் கேட்டார்.

அப்பச்சி என்னிடம் அனுமதி கேட்டு நான் பார்த்ததில்லை. வாருங்கள் என்று சொன்னேன்.